பழைய இயந்திரமும் புதிய குத்தகையாளரும்: மண்வேலைத் தொழில் வரலாற்றில் பயன்படுத்திய கனரக இயந்திரங்களின் இடம்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாறு பெரும்பகுதி மண்ணை வெட்டியவர்களின் வரலாறாகும். காடு திருத்தியது, தோட்டங்களில் வடிகால் வெட்டியது, சாலைக்கும் இருப்புப் பாதைக்கும் மண்மேடு அமைத்தது ஆகிய பணிகளில் தமிழ்த் தொழிலாளரின் பங்கு ஆய்வாளர்களால் விரிவாகவே எடுத்துரைக்கப்பட்டுள்ளது. ஆயினும், மண்வெட்டி பிடித்த கை எப்போது இயந்திரத்தின் விசைக்கோலைப் பிடித்தது, அவ்வியந்திரம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. கூலிக்கு இயந்திரம் ஓட்டுவதும் இயந்திரத்துக்கு உரிமையாளராக இருப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைச் சிறுமுதலாளர்கள் கடந்தது பெரும்பாலும் ஒரே வழியில்தான். பிறர் பயன்படுத்திக் கழித்த இயந்திரத்தை வாங்குவதே அவ்வழி.

பயன்படுத்திய கனரக இயந்திரங்களைக் கொண்டு சிறு மண்வேலைத் தொழில் தொடங்கும் வழக்கம் எவ்வாறு உருவாயிற்று, அதில் வெற்றிபெற எவையெல்லாம் தேவைப்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகிறது. முதலில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிகழ்ந்த இரு தொடக்கங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பின்னர் அவற்றின் துணைகொண்டு மலாயாவிலும் மலேசியாவிலும் நிலவிய சூழல் விளக்கப்படுகிறது.

கையால் மண் அகழ்ந்த காலம்

மண்வேலையைப் பங்கிட்டு அளந்து கூலி கொடுக்கும் முறை தமிழகத்தில் மிகப் பழமையானது. திருவிளையாடற் புராணத்தில் இடம்பெறும் வந்தியின் கதையைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். வையைக் கரையை அடைக்க வீட்டுக்கு இவ்வளவு பங்கு என மன்னன் ஆணையிட, ஆள்வலி இல்லாத முதியவள் பிட்டைக் கூலியாகக் கொடுத்து ஆள் அமர்த்துகிறாள். பக்திச் சுவையை ஒரு புறம் வைத்துப் பார்ப்பின், அளந்து ஒதுக்கப்பட்ட வேலை, அதை முடிக்க இயலாத நிலையில் அமர்த்தப்பட்ட மாற்றாள், பேசி முடித்த கூலி என்னும் குத்தகையின் அடிப்படைக் கூறுகள் யாவும் இக்கதையில் காணப்படுகின்றன. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. நீர்நிலைகளைப் பேணுவது அக்காலத்திலேயே ஒழுங்குபடுத்தப்பட்ட பொதுப்பணியாக இருந்தது.

பிற்காலத்தில் குளம் வெட்டுதல், கிணறு தோண்டுதல், கரை அமைத்தல் ஆகியவற்றையே குலத்தொழிலாகக் கொண்ட ஒட்டர் சமூகத்தார் குடும்பம் குடும்பமாக இடம்பெயர்ந்து வேலை செய்தனர். அவர்களின் முதலீடு மண்வெட்டியும் கடப்பாரையும் கூடையும்தான். எடுத்த மண்ணின் கன அளவுக்கு ஏற்பக் கூலி வழங்கப்பட்டது. வெட்டிய குழியின் நடுவே மூலத் தரையின் உயரத்தைக் காட்டும் மண்திட்டு ஒன்றை விட்டுவைத்து, அதைக் கொண்டு ஆழத்தை அளப்பது கைவேலைக் காலத்தின் பொதுவான நடைமுறையாகும்.

மலாயாவிலும் நிலை இதுவே. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்ட முதல் இருப்புப் பாதை முதற்கொண்டு, பொதுப்பணித் துறையும் இரயில்வேயும் தென்னிந்தியத் தொழிலாளரையே பெரிதும் நம்பியிருந்தன. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியும் கங்காணி முறையும் இத்தொழிலாளரைத் தொடர்ந்து கொண்டுவந்து சேர்த்தன. ஆள்வலி மலிவாகக் கிடைத்தவரை இயந்திரத்தின் தேவை உணரப்படவில்லை.

இயந்திரம் இல்லாமல் இல்லை. வில்லியம் ஓட்டிஸ் என்னும் அமெரிக்கர் நீராவி மண்வாரிக்கு 1839இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். பனாமாக் கால்வாய் அகழ்வில் அமெரிக்கர் 102 நீராவி மண்வாரிகளைப் பயன்படுத்தினர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் 1910களிலேயே மிதக்கும் தூர்வாரிக் கப்பல்கள் இயங்கத் தொடங்கின. ஆனால் இவை அரசுக்கும் பெருங்குழுமங்களுக்கும் மட்டுமே எட்டக்கூடியவை. தனியொருவர் வாங்கி, தாமே ஓட்டி, தாமே பழுதுபார்த்துப் பிழைக்கத்தக்க இயந்திரம் தோன்றிய பின்னரே சிறு மண்வேலைக் குத்தகையாளர் என்னும் புதிய வகையினர் தோன்ற முடிந்தது.

ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கம்: 1920

அவ்வகை இயந்திரம் உருவான இடங்களுள் முதன்மையானது கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரமாகும். அங்குள்ள ஆற்றுக் கழிமுகத்தின் இளகிய மண்ணில் சக்கர இயந்திரங்கள் புதைந்துபோயின. இதற்குத் தீர்வாகப் பெஞ்சமின் ஹோல்ட் 1904ஆம் ஆண்டு நவம்பரில் சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலித் தடம் பூட்டிய டிராக்டரைச் சோதித்துப் பார்த்தார். முதல் உலகப் போரில் ஹோல்ட் டிராக்டர்கள் பீரங்கிகளை இழுத்துச் சென்றன. போருக்குப் பின்னர் அவை மீண்டும் வயலுக்குத் திரும்பின. ஹோல்ட் நிறுவனம் 1925இல் பெஸ்ட் நிறுவனத்துடன் இணைந்து கேட்டர்பில்லர் எனப் பெயர் பெற்றது.

இந்நகரில்தான் ஆர்.ஜி. லெத்தூர்னோ (1888-1969) தம் தொழிலைத் தொடங்கினார். அவர் மோட்டார் வாகனப் பட்டறை ஒன்றில் கூட்டாளியாக இருந்தவர். பட்டறை நொடித்துப்போனது. தம் பங்குக் கடனை அடைப்பதற்காக அவர் ஒரு ஹோல்ட் டிராக்டரைப் பழுதுபார்க்கும் வேலையை ஏற்றார். வேலையை முடித்ததும் டிராக்டரின் உரிமையாளர் அவரையே அமர்த்தி, அதே டிராக்டரின் பின்னால் மண்சுரண்டி ஒன்றைப் பூட்டி 40 ஏக்கர் நிலத்தைச் சமப்படுத்தச் சொன்னார். இவ்வேலை லெத்தூர்னோவுக்குப் பிடித்துப்போயிற்று. 1920ஆம் ஆண்டு சனவரியில் பயன்படுத்திய ஹோல்ட் டிராக்டர் ஒன்றைத் தமக்கென வாங்கினார். மண்சுரண்டியை வாங்க அவர் முற்படவில்லை, வாடகைக்கு எடுத்தார். இவ்வாறு நிலம் சமன்செய்யும் குத்தகையாளரானார்.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, அவர் வாங்கியது தமக்கு முன்பே பழக்கமான வகை இயந்திரம். அதன் உட்பகுதிகளைக் கழற்றிப் பூட்டிய கைகளே அதை விலைக்கு வாங்கின. இரண்டாவது, முழுத் தொகுதியையும் வாங்காமல் இன்றியமையாத ஒன்றை மட்டும் வாங்கி, மற்றதை வாடகைக்கு எடுத்ததால் அவருடைய முதலீடு சுருங்கியது. மூன்றாவது, வேலை தேடி அவர் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. பாசன வேளாண்மைக்குச் சமதளம் இன்றியமையாதது. ஆகவே சுற்றுவட்டாரத்திலேயே சமப்படுத்த வேண்டிய நிலங்கள் இருந்தன. இயந்திரத்தைச் செய்யும் தொழிற்சாலையும் அதே நகரில் இருந்தது. பழைய இயந்திரத்தை வைத்துத் தொழில் நடத்துபவருக்கு மாற்று உறுப்புகள் அருகில் கிடைப்பது எத்துணை முக்கியம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

1921ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஸ்டாக்டனில் நிலம் வாங்கிப் பட்டறை ஒன்றை அமைத்தார். வாடகை மண்சுரண்டியின் குறைகளைத் தினமும் வேலைத்தளத்தில் கண்டவர் தாமே புதிய மண்சுரண்டிகளை வடிவமைக்கலானார். ஆணி அறைந்து இணைக்கும் முறைக்கு மாற்றாகப் பற்றவைப்பு முறையைக் கையாண்டார். 1929இல் அவருடைய தொழில் நிறுவனமாகப் பதிவுபெற்றது. ஹூவர் அணைக்குச் செல்லும் போல்டர் நெடுஞ்சாலை உள்ளிட்ட பல குத்தகைகளை அவர் ஏற்றார். 1933இல் குத்தகைத் தொழிலை விட்டு இயந்திர உற்பத்தியில் முழுமையாக ஈடுபட்டார். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பயன்படுத்திய மண்வேலை இயந்திரங்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு அவருடைய நிறுவனத்தினுடையவை என மதிப்பிடப்படுகிறது. இப்பெருவளர்ச்சி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எனினும் அதன் தொடக்கம் கடன்பட்ட ஒரு பழுதுபார்ப்பாளர் வாங்கிய பழைய டிராக்டரில் இருந்தது என்பதே நம் ஆய்வுக்கு உரியது.

போர் விட்டுச் சென்றவை

பழைய இயந்திரங்கள் சந்தைக்குப் பெருமளவில் வருவது எப்போது? ஏதேனும் ஒரு பெருமுயற்சி முடிவுறும்போது அல்லது வீழ்ச்சியுறும்போது என்பதே வரலாறு தரும் விடை. 1945இல் முடிவுற்ற போர் இதற்குத் தலைசிறந்த சான்றாகும்.

இங்கிலாந்தின் யுட்டாக்சிட்டர் என்னும் சிற்றூரில் ஜோசப் சிரில் பாம்போர்ட் 1945ஆம் ஆண்டு அக்டோபரில் சிறு கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஒரு பவுண்டு கொடுத்துப் பழைய பற்றவைப்புக் கருவி ஒன்றை வாங்கினார். போர்க்காலக் கழிவு இரும்பைக் கொண்டு வண்டியில் பூட்டி இழுக்கும் சாய்வுப் பெட்டி ஒன்றைச் செய்தார். அதனை ஊர்ச் சந்தையில் 45 பவுண்டுக்கு விற்றதோடு வாங்கியவரின் பழைய வண்டியையும் பெற்றுச் செப்பனிட்டு, அதையும் 45 பவுண்டுக்கு விற்றார். அவர் பெயரின் முதலெழுத்துகளே ஜே.சி.பி. என்னும் நிறுவனப் பெயராயின. 1953இல் அந்நிறுவனம் டிராக்டரின் பின்புறத்தில் தோண்டும் கை பொருத்திய இயந்திரத்தை உருவாக்கியது. மண்ணை முன்னே அள்ளவும் பின்னே தோண்டவும் வல்ல ஒரே இயந்திரம் சிறு குத்தகையாளருக்கு இரண்டு இயந்திரங்களின் செலவை மிச்சப்படுத்தியது.

இந்தியாவிலும் இதன் எதிரொலி கேட்டது. அமெரிக்கப் படைகள் விட்டுச் சென்ற டிராக்டர்களைக் கொண்டே நடுவண் டிராக்டர் அமைப்பு தன் பணியைத் தொடங்கியது. ஆழமாக வேரூன்றிய நாணற்புல் பரவிப் பயனற்றுக் கிடந்த நிலங்களை மீட்பது அதன் நோக்கம். ஆனால் அந்த எச்சங்கள் போதவில்லை. 1949இல் இந்தியா இதற்கெனப் புதிய இயந்திரங்கள் வாங்க உலக வங்கியிடம் 1 கோடி டாலர் கடன் பெற்றது. அரசாயினும் தனியாராயினும் பழைய இயந்திரம் தொடங்கி வைக்கும். தொடர்ந்து தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

மலாயாவில் போர்க்கால வாகனங்கள் காட்டுக்குள் சென்றன. படையினர் விட்டுச் சென்ற பார வண்டிகளைப் பிரித்து, வலுவூட்டி, இழுவைச் சுருள் பொருத்தி மரக்கட்டை இழுக்கப் பயன்படுத்தினர். சீனமொழியில் மலையரசன் எனப் பொருள்படும் ‘சான் தாய் வோங்’ என்னும் பெயரால் அவை வழங்கின. தொழிற்சாலையில் பிறந்த வடிவம் பட்டறையில் மாறிப் புதுப் பெயர் பெற்றதற்கு இது நல்ல சான்று. பட்டறைக்காரரின் கைத்திறனே அவற்றின் ஆயுளை நீட்டித்தது.

எண்ணெய் அழுத்த விசையும் ஜப்பானியப் பழைய இயந்திரச் சந்தையும்

தொடக்கக்கால அகழ்பொறிகள் இரும்பு வடத்தால் இயங்கியவை. அவற்றை இயக்க நீண்ட பயிற்சி தேவை. பிரான்சின் பொக்லைன் நிறுவனம் 1951இல் எண்ணெய் அழுத்த விசையால் இயங்கும் அகழ்பொறியைச் செய்தது. 1961இல் முழுவட்டமாகச் சுழலும் வகையையும் கொண்டுவந்தது. ஜப்பானில் 1961இல் புதிய மிட்சுபிஷி நிறுவனம் அயல்நாட்டு உரிமம் பெற்று இவ்வகை இயந்திரத்தைத் தயாரித்தது. 1965இல் ஹிட்டாச்சி தன் சொந்தத் தொழில்நுட்பத்தால் அதனைச் செய்தது.

இவ்வரலாறு தமிழ்ச் சொற்களிலேயே பதிந்துகிடக்கிறது. தமிழ்நாட்டு மக்கள் பெரிய அகழ்பொறியைப் ‘பொக்லைன்’ என்றும், முன்வாரி பின்தோண்டியை ‘ஜே.சி.பி.’ என்றும் வழங்குகின்றனர். ‘ஹிட்டாச்சி’ என்பதும் பல இடங்களில் பொதுப்பெயராகிவிட்டது. இலங்கைத் தமிழர் ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கு ஏற்பத் திருத்திப் ‘பெகோ’ என்கின்றனர். எந்த நிறுவனத்தின் இயந்திரம் எந்நாட்டில் முதலில் பரவியது என்பதற்கு இப்பேச்சு வழக்குகளே வாய்மொழி ஆவணங்களாக அமைகின்றன. இயந்திரத்துக்குச் சொல்லாக்கம் செய்வோர் மக்கள் வழக்கையும் கருத்திற்கொள்வது நன்று.

ஜப்பானில் 1980களின் இறுதியில் நிலவிய கட்டுமானப் பெருக்கம் இயந்திரங்களின் எண்ணிக்கையை மிகுதியாக்கியது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. வேலையிழந்த இயந்திரங்கள் யோகோஹாமா, கோபே முதலிய துறைமுகங்கள் வழியாகத் தென்கிழக்காசியாவை நோக்கி வந்தன. ஜப்பானியத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின்படி இவ்வியந்திரங்களுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட சோதனை நடத்தி ஒட்டுவில்லை ஒட்ட வேண்டும். இதனால் அவற்றின் பராமரிப்பு பற்றி ஓரளவேனும் சான்று கிடைத்தது. கோபெல்கோ, கோமாட்சு, கேட்டோ, சுமிட்டோமோ என்னும் பெயர்கள் மலேசியச் சாலையோரங்களில் பழகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பழைய இயந்திரத்தை ஆராய்ந்து வாங்குவது சுவடி ஆராய்ச்சியை ஒத்தது எனலாம். ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மானி ஒரு பாடம் சொல்லும். அதனைத் திருத்தியிருக்கவும் கூடும். ஆகவே பிற சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். கையின் மூட்டுகளில் உள்ள ஊசிகளும் குழல்களும் எவ்வளவு தேய்ந்துள்ளன, சங்கிலித் தடத்தின் பற்களும் உருளைகளும் எந்நிலையில் உள்ளன, தூக்கிய கை தானாகவே மெல்ல இறங்குகிறதா, மேற்பகுதி சுழலும்போது ஆட்டம் காண்கிறதா, இரும்பில் மறுபற்றவைப்புத் தழும்பு உண்டா எனக் காண்பர். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் பழுது எண்ணெய் சூடேறிய பின்னரே தெரியும் என்பதால் பலமணி நேரம் ஓட்டிப் பார்ப்பர். சங்கிலி இயந்திரத்தின் பராமரிப்புச் செலவில் பாதியளவு வரை அடித்தடத்துக்கே ஆகக்கூடும். எனவே புதிய வண்ணப் பூச்சைக் கண்டு மயங்குபவர் அடித்தடத்தைக் காணத் தவறினால் மலிவாக வாங்கியதை இருமுறை வாங்கியவராவார்.

மலேசியச் சூழல்: திறந்த வாயிலும் தாழிட்ட கதவும்

மலேசியாவில் சிறு மண்வேலைத் தொழிலுக்கான தேவை பல திசைகளிலிருந்து எழுந்தது. 1956இல் அமைக்கப்பட்ட ஃபெல்டாவின் நிலத்திட்டங்கள் காடு திருத்தும் குத்தகைகளைத் தந்தன. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையும், 1998இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமும், புத்ராஜெயாவும் மண்வேலையைப் பெருக்கின. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது வடிகால், உட்சாலை, படிமேடை ஆகியவை புதிதாக வேண்டப்பட்டன. மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் இயந்திரத்தால் சாய்த்து நறுக்கிப் பரப்பும் முறையும் பரவியது. ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளர் குழுவாகச் செய்த வேலையை ஓர் அகழ்பொறியும் ஓர் ஓட்டுநரும் செய்து முடித்தனர்.

பழைய இயந்திரங்களின் வரத்தும் இருந்தது. 1985ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றம் நிதியின்றித் தன் விலைத்தாங்கலைக் கைவிட்டது. ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத்தில் இயங்கிய இயந்திரமும் அதனை இயக்கிய ஆளும் ஒருசேர வேலை இழந்தனர். 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போதோ நிலைமை இருமுனைக் கத்தியாயிற்று. கட்டுமானங்கள் நின்றுபோனதால் இயந்திரங்கள் விலைக்கு வந்தன. ஆனால் வேலையும் இல்லை. ரிங்கிட்டின் மதிப்பு வீழ்ந்து, 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. யென் கொடுத்து வாங்க வேண்டிய உதிரி உறுப்புகளின் விலை உயர்ந்தது. மலிவு இயந்திரமும் வேலையின்மையும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பதைத் தொழில் தொடங்குவோர் மறத்தல் ஆகாது.

வாயில் திறந்திருந்தது. எனில், மண்வேலையில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய தமிழர் அதனுள் பெருமளவில் நுழைந்தனரா? மலேசிய இந்தியரின் நிறுவனப் பங்குடைமை 1970இல் 1.1 விழுக்காடாகவும் 1990இல் 1.0 விழுக்காடாகவும் இருந்ததாக அரசின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. இருபதாண்டுக் காலப் பெருவளர்ச்சியில் உடைமை விழுக்காடு ஏறவில்லை. சிறு மண்வேலைத் தொழில் இப்புள்ளிவிவரத்தில் நேரடியாக வெளிப்படாது எனினும், பொது நிலையை இது உணர்த்தும்.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு எனக் கொள்வது பொருந்தாது. தோட்டங்களிலும் பொதுப்பணித் துறையிலும் தமிழர் டிராக்டர் ஓட்டுநராகவும் பட்டறைத் தொழிலாளராகவும் பணியாற்றினர். லெத்தூர்னோவிடம் இருந்த முதல் மூலதனமான கைத்திறன் அவர்களிடமும் இருந்தது. இல்லாதவை வேறு இரண்டு.

முதலாவது முன்பணம். ரப்பர்த் தோட்டத்தில் குடியிருப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். ஈடு வைக்க வீடும் நிலமும் இல்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார் வழங்கிய கடன் பெரும்பாலும் நிலத்தையும் கட்டடத்தையும் ஈடாகக் கொண்டது. எளியோர் மொத்தத் தொகை திரட்ட வைத்திருந்த வழி சீட்டு அல்லது கூட்டு முறையாகும். அதனைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. மோசடிகளைத் தடுப்பது சட்டத்தின் நோக்கமாக இருப்பினும், வங்கிக்குச் செல்ல இயலாதவரின் சேமிப்பு வழி ஒன்று அதனால் குறுகியது. அதே ஆண்டில் சிங்கப்பூர் சீட்டு நிதிக்கென இயற்றிய சட்டம் உரிமம் பெற்று நடத்தும் ஒழுங்குமுறையை ஏற்படுத்தியது என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம்.

தவணைக் கடன் கிடைத்தோர்க்கும் இடர் இருந்தது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் அட்டவணையில் நுகர்பொருள்களும் குறிப்பிட்ட வகை மோட்டார் வாகனங்களும் இடம்பெற்றன; அகழ்பொறி இடம்பெறவில்லை. தொடர்ந்து இரு தவணை தவறிய பின்னரும் 21 நாள் அறிவிப்பு கொடுத்தே பொருளைப் பறிமுதல் செய்யலாம் என்பது போன்ற பாதுகாப்பு அச்சட்டத்துக்கு உட்பட்ட பொருள்களுக்கே உரியது. மோட்டார் சைக்கிள் வாங்கியவருக்கு இருந்த காப்பு, தம் வாழ்வையே ஒரு பழைய அகழ்பொறியில் முதலீடு செய்தவருக்குச் சட்டத்தால் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததே அவருக்குச் சட்டம்.

இரண்டாவது வேலை ஆணை. அரசுப் பணிகளுக்கான குத்தகையாளர் பல வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். அவற்றுள் தொடக்கநிலையான எஃப் வகுப்பு பூமிபுத்ரா குத்தகையாளருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பிற இனத்தார் உயர் வகுப்பில் நுழையப் பெருமூலதனம் வேண்டும். இல்லையேல் துணைக் குத்தகையாளராகவோ, இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுபவராகவோ இருக்க வேண்டும். துணைக் குத்தகையாளருக்கு மேலிருப்பவர் பணம் கொடுத்த பின்னரே பணம். எரிபொருளுக்கோ அன்றாடம் பணம் வேண்டும். இயந்திரம் உழைத்தும் உரிமையாளர் கடனாளியாவது இவ்விடைவெளியில்தான்.

வேலை ஆணையின்றி நிற்கும் இயந்திரம் சொத்தாக இராமல் சுமையாகிறது. பாரவண்டியில் ஏற்றி இடம் மாற்றும் செலவு, ஓட்டுநர் ஊதியம், தவணை ஆகியவை இயந்திரம் நிற்கும்போதும் வளர்வன. லெத்தூர்னோவும் வேலை நிறைந்த வட்டாரத்தில் தொடங்கியதால்தான் தப்பினார் என்பதை இங்கு மீண்டும் நினைவுகூரலாம்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. பழைய இயந்திரச் சந்தை பெருமுயற்சிகளின் முடிவில் பிறக்கிறது. போர் முடிந்தபோதும், சுரங்கம் மூடியபோதும், அயல்நாட்டுக் குமிழி உடைந்தபோதும் எளியவருக்கு எட்டும் விலையில் இயந்திரம் வந்தது. ஆனால் விலைக் குறைவு மட்டும் யாரையும் முதலாளியாக்கவில்லை. கைத்திறன், முன்பணம், வேலை ஆணை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் பழைய இயந்திரம் ஏணியாயிற்று. ஒன்று குறைந்த இடத்தில் அது கடன் சுமையாயிற்று. மலேசியத் தமிழரின் மண்வேலை வரலாற்றில் முதலாவது நிறைந்திருந்தும் பின்னிரண்டும் தட்டுப்பட்டன என்பதே இவ்வாய்வு முன்வைக்கும் கருத்து.

இக்கருத்தைக் களச்சான்றுகளால் உரசிப் பார்க்க வேண்டியுள்ளது. ஏதோ ஒரு சிற்றூரில் தோட்டத்தை விட்டு வெளியேறி, பழைய அகழ்பொறி ஒன்றை வாங்கி, தாமே ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் கணக்கேடுகள், தவணை ஒப்பந்தங்கள், பட்டறைப் பற்றுச்சீட்டுகள் ஆகியவை எவ்வகை ஆவணக் காப்பகத்திலும் இல்லை. மேசை இழுப்பறைகளில் மங்கிக்கொண்டிருக்கின்றன. கங்காணி காலத்து ஆவணங்களைத் தேடிச் செல்லும் நம் மாணவர்கள் இவர்களையும் தேடிச் சென்று வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம் இவ்வூரின் சாலையை வெட்டியவர் யார், அந்த இயந்திரம் யாருடையது என வினவச் செய்யலாம். அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடைகளே, கூலி வரலாற்றுக்கு அப்பால் நம் உடைமை வரலாற்றை எழுதத் தொடங்குவதற்கான முதற்சான்றுகளாக அமையும்.